மாட்டு டாக்டர் எதுக்கு?

ஜனவரி 3, புதன்

இந்த நோட்டின் அட்டையில் 'வேதியியல், பதினொன்று அ பிரிவு' என்று எழுதியிருக்கிறேன். எங்கள் வீட்டில் வேதியியலை யாரும் திறந்து பார்ப்பதில்லை. பீரோவைவிட அது பாதுகாப்பு. அப்பா தூங்கியபின் போர்வைக்குள் பழைய போனின் வெளிச்சத்தில் எழுதுகிறேன். அவருடைய குறட்டை நின்றால் என் பேனாவும் நிற்கும்.

செய்துகொண்டிருக்கும் குற்றத்தை முதலில் எழுதிவிடுகிறேன். கல்யாணமான ஒரு பெண்ணை மாட்டு டாக்டர் ஒருவரோடு சேர்த்து வைக்கிறேன்.

எல்லாம் 'மாங்கல்ய மாளிகை' தொடரில்தான். அதில் மதிவதனி என்று ஒரு மருமகள். அவள் கணவன் சர்வா, அரிசி மில் முதலாளி. இவர்கள் இருவரும்தான் ஜோடி என்று நம்பும் கூட்டத்துக்குப் பெயர் 'சர்வதி'. பதினோராயிரம் பேர். மாளிகையின் பசு கன்று ஈன முடியாமல் தவித்தபோது டாக்டர் இளம்பரிதி என்று ஒருவர் பத்து நாள் வந்துபோனார். நூற்று நாற்பத்து மூன்றாம் பகுதியில் மதிவதனி இருமினாள். அவர் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அந்தப் பதினொரு விநாடிக் காட்சியின் மேல் நாங்கள் ஒரு மதமே கட்டியிருக்கிறோம். பெயர் 'மதிபரிதி'. மொத்தம் நாற்பத்து மூன்று பேர்.

இப்படி இருவரை நாமாக ஜோடி சேர்ப்பதற்கு எங்கள் உலகில் 'ஷிப்' என்று பெயர். தொடரை எழுதுகிறவர்களுக்கு இதைப் பற்றி எதுவும் தெரியாது. தெரிந்தால் டாக்டரைக் கொன்றுவிடுவார்கள்.

நான் 'வெண்பனி' என்ற பெயரில் இவர்களை வைத்துக் கதை எழுதுகிறேன். பதினேழு அத்தியாயம் ஆகிறது. இன்னும் விரல்கூடத் தொடவில்லை.

ஜனவரி 6, சனி

எங்கள் குழுவின் விதிகள் பற்றி. மதிவதனியின் படம் போட்டால் சர்வாவின் கை தெரியக்கூடாது, வெட்டிவிட வேண்டும். கல்யாணப் படத்தில் தாலி கட்டும் கையை வெட்டினால் தாலி அந்தரத்தில் தொங்குகிறது. அதையும் பக்தியோடு போடுகிறார்கள்.

தோழி ஷஃப்ரின் அந்தப் பதினொரு விநாடியை மெதுவாக ஓடவிட்டு நான்கு நிமிடம் ஆக்கியிருக்கிறாள். டம்ளரை வாங்கும்போது விரல் பட்டதா இல்லையா என்று ஒரு வாரமாகச் சண்டை நடக்கிறது. பட்டது என்று நிரூபிக்க ஒரு அக்கா படத்தைப் பெரிதாக்கிப் போட்டார். அதில் தெரிந்தது நான்கு சதுரம். இரண்டு பழுப்பு, இரண்டு வெள்ளை. அதைப் பார்த்து நான் அழுதேன். இதை வேறு யாரிடமும் சொல்லவில்லை.

பழைய போனுக்கு இணையம் அம்மாவின் போனிலிருந்துதான் வருகிறது. "பாடத்துக்குத்தான கண்ணு?" என்று ஒரு முறை கேட்டுவிட்டுத் திறந்துவிடுவாள். இப்போதெல்லாம் சில நாள் சாயங்காலத்துக்குள்ளேயே அவள் டேட்டா தீர்ந்துவிடுகிறது. சமையல் வீடியோ பார்க்கிறாளாம். ஆறு மாதமாகப் பார்க்கிறாள். அதே கொள்ளு ரசம்தான்.

ஜனவரி 7, ஞாயிறு

சர்வதி குழுவில் உளவு பார்க்க எனக்கு இன்னொரு கணக்கு உண்டு: 'சர்வதி உயிர்'. சந்தேகம் வராமல் இருக்க அங்கே தினமும் எதையாவது போட வேண்டும். இன்று விடிகாலை அம்மா வாசலில் போட்ட மார்கழிக் கோலத்தைப் படம் எடுத்து, 'சர்வா மதி ஜோடி நூறாண்டு வாழ' என்று எழுதிப் போட்டேன். முன்னூறு இதயம் விழுந்தது. என் கதைக்கு இதுவரை விழுந்தது அதிகபட்சம் இருபத்தாறு. எதிரிகள் தாராளமானவர்கள்.

ஜனவரி 9, செவ்வாய்

அம்மா கதவில் இடித்துக்கொண்டாள். இடது புருவத்துக்கு மேல். எங்கள் வீட்டில் கதவுகள் அதிகம்.

இரவு அப்பா பரோட்டா வாங்கிவந்தார். இரண்டு சால்னா. அம்மாவின் தட்டில் அவரே வைத்தார். நன்றாக இருந்தது.

ஜனவரி 11, வியாழன்

இருநூற்றுப் பன்னிரண்டாம் பகுதி. விருந்தாளிகள் முன்னால் குறுக்கே பேசினாள் என்று சர்வா மதிவதனியை அறைந்தான். கன்னத்தை மூன்று கோணத்தில் காட்டினார்கள். பிறகு விளம்பரம்: பாத்திரம் விளக்கும் சோப்பு.

சர்வதி குழுவில் திருவிழா. அறையை மெதுவாக ஓடவிட்டு வயலின் சேர்த்திருக்கிறார்கள். 'உரிமை உள்ள இடத்தில்தான் கோபம் வரும்.' 'என்னை யாராவது இப்படி அறைய மாட்டார்களா.' இதை எழுதியது ஒரு கல்லூரிப் பெண். அவளுக்கு எண்ணூறு இதயம். உளவாளி என்பதால் நானும் ஒன்று போட்டேன்.

சர்வா அறைந்த கையோடு மல்லிகைப்பூ வாங்கிவந்தான். நாளைய பகுதியில் சமாதானம் ஆகிவிடும்.

ஒன்பது மணிக்குக் கடையிலிருந்து வந்த அப்பா, நடந்ததைக் கேட்டுவிட்டு, "மதிவதனிக்கு வாய் நீளம்" என்றார். அவர் ஒரு நாளும் அந்தத் தொடரைப் பார்த்ததில்லை.

ஜனவரி 13, சனி

நேற்றே பதினெட்டாம் அத்தியாயம் போட்டேன். அறை வாங்கிய மறுநாள் மதிவதனி மாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்திருக்கிறாள். இளம்பரிதி ஒன்றும் கேட்கவில்லை. தண்ணீர் கொடுக்கிறார். (எப்போதும் அதையேதான் கொடுக்கிறார். எனக்கு வேறு எதுவும் தோன்றுவதில்லை.)

கீழே ஒரு புது ஆள். பெயர் 'துளசிமாடம்'. சர்வதி குழுவில் பெரிய தலை; இரண்டு வருடமாக அங்கே நீள நீளமாக எழுதுகிறவர். எல்லோரும் அவரை 'துளசிம்மா' என்பார்கள். அவர் எழுதியிருந்தது:

"தாலி கட்டின புருசன் குத்துக்கல்லாட்ட இருக்கறப்ப மாட்டு டாக்டர் எதுக்குங்க? அடிக்கறவனெல்லாம் கெட்டவன் இல்லீங்க. அடிச்சவன் அன்னிக்கு ராத்திரியே பரோட்டா வாங்கீட்டு வந்து அவ தட்டுல வெச்சானே, அதப் பாக்கலியா நீங்க?"

பரோட்டாவா? சர்வா வாங்கிவந்தது மல்லிகைப்பூ. இந்த அம்மா எந்தத் தொடரைப் பார்க்கிறார் என்றே தெரியவில்லை. அதையே பதிலாகப் போட்டுச் சிரிக்கும் முகம் ஐந்தைச் சேர்த்தேன். எங்கள் ஆட்கள் நாற்பத்து மூன்று பேரும் வந்து சிரித்தார்கள்.

ஜனவரி 17, புதன்

பொங்கலுக்கு மாமா வீட்டார் வந்தார்கள். அவர்கள் மகள் பிரியதர்ஷினியை மட்டும் கூட்டிவரவில்லை. போனில் ஒரு பையனோடு பேசினாள் என்று போன வருடம் பன்னிரண்டாவதில் நிறுத்திவிட்டார்கள். இப்போது கல்யாணமாகி, வயிற்றில் ஏழு மாதம். அப்பா, "அப்படித்தான் செய்யோணும். போன் கையில இருந்தா புத்தகம் எதுக்கு?" என்றார். எல்லோரும் கரும்பு கடித்தோம்.

நான் பையனோடு பேசவில்லை, மாட்டு டாக்டரைப் பற்றி எழுதுகிறேன். அந்த வித்தியாசம் அப்பாவுக்குப் பிடிபடாது.

ஜனவரி 24, புதன்

துளசிமாடம் மறுபடி வந்தார். இந்த முறை வேறு விதமாக. "சரிங்க, மதி போறான்னே வெச்சுக்குவோம். எங்க போவா? அக்கா வீட்டுல எத்தன நாள் சோறு போடுவாங்க? கதை எழுதறவங்களுக்கு இதெல்லாம் தெரியாதுங்க."

மதிவதனிக்கு அக்காவே கிடையாது. தொடரில் அவள் அநாதை. எனக்குச் சலித்துவிட்டது. 'முதலில் தொடரைப் பாருங்கள், பிறகு சண்டைக்கு வாங்கள்' என்று எழுதினேன்.

அப்புறம் ஒன்று. திண்டுக்கல் பெரியம்மா அம்மாவுக்குப் போன் செய்திருக்கிறாள். அவளோடு பேசக்கூடாது என்று அப்பா சொல்லி மூன்று வருடம் இருக்கும். அம்மா பின்கட்டில் நின்று இரண்டு நிமிடம் பேசினாள். நான் பார்த்ததை அவள் பார்த்தாள். இருவரும் துணி மடித்தோம்.

பிப்ரவரி 5, திங்கள்

செத்தேன்.

இருபத்தொன்றாம் அத்தியாயம். மதி மாளிகையை விட்டு இறங்கி இளம்பரிதியின் ஜீப்பில் ஏறும் அத்தியாயம். மூன்று வாரம் எழுதினேன். அவசரத்தில் கணக்கை மாற்ற மறந்து, அதை 'சர்வதி உயிர்' பெயரில் போட்டுவிட்டேன். பதினோராயிரம் பேர் குழுவில். அறைக்கு இதயம் போட்ட அதே கையால்.

ஷஃப்ரின் போனில் கத்தும்வரை எனக்குத் தெரியாது. நான்கு நிமிடத்தில் நீக்கினேன். அதற்குள் எழுபது பேர் படம் பிடித்துவிட்டார்கள். 'உயிரே துரோகியா' என்று ஒருவர் கறுப்புப் பின்னணியில் மெழுகுவத்தி வைத்துப் போட்டிருக்கிறார். எனக்கு அஞ்சலியாம்.

பிப்ரவரி 8, வியாழன்

சர்வதி குழுவின் தலைவி பெயர் 'மகாராணி'. பல் மருத்துவம் படிக்கிறார் என்று கேள்வி. பல்லைப் பிடுங்குவதுபோலப் பொறுமையாக என் பழைய பதிவுகளை ஒவ்வொன்றாகத் தோண்டியிருக்கிறார். இன்று என் கோலப் படத்தை மறுபடி போட்டு, மேல் ஓரத்தில் சிவப்பு வட்டம் போட்டிருந்தார்.

வட்டத்துக்குள் அப்பாவின் வண்டி மூக்கு. அதில் ஸ்டிக்கர். மோட்டார் ரீவைண்டிங் கடைப் பெயர், ஊர், போன் நம்பர்.

'துரோகியின் வீடு கிடைத்துவிட்டது. நோட்டம் விட்டால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை மாதிரி இருக்கிறது. ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு இந்த நம்பருக்குப் பேசி, உங்கள் பெண் எழுதும் கதையைக் கேளுங்கள் என்று சொல்லப் போகிறோம். சத்தமாகப் படித்துக் காட்டுவோம்.' கீழே நானூறு பேர் கைதட்டல்.

அவர்களுக்கு இது தொடரின் கூடுதல் பகுதி. எனக்கு, பன்னிரண்டாம் வகுப்பு உண்டா இல்லையா என்பது.

பிப்ரவரி 10, சனி

சாப்பிட முடியவில்லை. வண்டியின் ஸ்டிக்கரைச் சுரண்டலாம் என்று வெளியே போனேன். இப்போது சுரண்டி என்ன பயன் என்று அங்கே போனபிறகுதான் தோன்றியது. அப்பாவின் போனைத் தண்ணீர்த் தொட்டியில் போடலாம் என்று ஷஃப்ரின் சொன்னாள். அவள் வீட்டில் அப்பா சிரிக்கிற மனிதர்.

அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "காய்ச்சலா கண்ணு?" என்று நெற்றியைத் தொட்டாள். இல்லை என்றேன். கையை எடுக்க அவளுக்கு நேரமானது.

பிப்ரவரி 11, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மதியம் கறிக்குழம்பு. அப்பா சாப்பிட்டுத் தூங்கி, நாலரைக்கு எழுந்து, குளிக்கப் போனார். போன் சமையலறை மேடையில் சார்ஜில் இருந்தது. எப்போதும் கூடத்தில்தான் போடுவார். கூடத்துப் பிளக்கில் அம்மா மாவு அரைக்கும் இயந்திரத்தைச் செருகி வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை அவள் மாவு அரைப்பதில்லை.

நான் வேதியியலைத் தலைகீழாகப் பிடித்து உட்கார்ந்திருந்தேன்.

ஐந்து அடிக்க ஒரு நிமிடம் இருக்கும்போது மணி அடித்தது. இரண்டாவது மணிக்குள் அம்மா எடுத்துவிட்டாள். ஈரக் கை. அந்தப் பக்கம் பல பெண்களின் சிரிப்பு எனக்கே கேட்டது. ஒருத்தி படிக்க ஆரம்பித்தாள் போலிருக்கிறது. இரண்டு வரி அளவுக்கு அம்மா கேட்டுக்கொண்டே நின்றாள். பிறகு சொன்னாள்:

"நீங்க நெனைக்கற வீடு இது இல்லீங்க. இங்க பொண்ணுன்னு யாரும் இல்ல."

வைத்துவிட்டு அந்த நம்பரை அழித்தாள். இதையெல்லாம் செய்ய அவளுக்குத் தெரியும் என்று எனக்கு இதுவரை தெரியாது.

அப்பா துண்டோடு வந்தார். "யாரு?"

"மோட்டார் கேட்டாங்க. ஞாயித்துக்கெழம கடை இல்லீன்னு சொல்லீட்டனுங்க."

"எம்போன எடுக்கச் சொன்னது யாரு புள்ள?"

அம்மா ரசத்தைக் கிளறினாள். அப்பா என்னைப் பார்த்து, மாடிக்குப் போய்ப் படி என்றார். போனேன்.

பிப்ரவரி 12, திங்கள்

மறுபடி கதவு. ஞாயிற்றுக்கிழமைகூடக் கதவுகளுக்கு விடுமுறை இல்லை. இந்த முறை கன்னம்.

காலையில் அம்மா பின்கட்டில் இருந்தபோது நான் கதவுகளைப் போய்ப் பார்த்தேன். சமையலறைக் கதவு, கூடத்துக் கதவு, படுக்கையறைக் கதவு. ஒன்றிலும் எதுவும் பட்ட அடையாளம் இல்லை. தொட்டும் பார்த்தேன். பிறகு பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது.

பரோட்டா வந்தது. நான் சாப்பிடவில்லை. வயிற்று வலி என்றேன்.

பிப்ரவரி 13, செவ்வாய்

சர்வதி குழுவில் துளசிமாடம் எழுதியிருந்தார். அப்படியே பார்த்து எழுதுகிறேன்.

"அந்த நம்பருக்கு நானும் பேசி விசாரிச்சுட்டேன். வயசானவங்க வீடு. ஒரே பையன், துபாயில இருக்கான். வண்டி சும்மா ரோட்டோரம் நின்னிருக்கு, கோலம் பக்கத்து வீட்டுது. இனி அங்க யாராவது போன் பண்ணுனீங்கன்னா, ரெண்டு வருசமா நான் எழுதுன அத்தனையும் அழிச்சுட்டுப் போயிருவேன். அடுத்தவங்க வீட்டுக் கதவத் தட்டறதுக்கு முன்னாடி உள்ள யாரு இருக்கான்னு யோசிக்கோணும்."

மகாராணி மன்னிப்புக் கேட்டுவிட்டார். துளசிம்மா சொன்னால் சரி என்று எல்லோரும் கலைந்துபோனார்கள். இப்போது வேறு துரோகி கிடைத்துவிட்டானாம், சேலத்தில்.

துளசிமாடம் யார் என்று எனக்குத் தெரியாது. இந்த நோட்டு யார் கையிலாவது கிடைத்தால் இதை நன்றாகப் படித்துக்கொள்ளுங்கள்: தெரியாது. பரோட்டா பற்றி நான் போட்ட சிரிக்கும் முகம் ஐந்தையும் போய் நீக்கினேன். நாற்பத்து மூன்று பேர் சிரித்தது அப்படியே இருக்கிறது. அதை என்னால் நீக்க முடியவில்லை.

பிப்ரவரி 21, புதன்

வெண்பனி கணக்கில் இருபத்தொன்றாம் அத்தியாயத்தை ஒழுங்காகப் போட்டேன். மதி ஜீப்பில் ஏறுகிறாள். எங்கள் நாற்பத்து மூன்று பேரும் அழுது முடித்தார்கள். விரல் தொட்டதா என்று கேட்டார்கள்.

மதியம் இரண்டரை மணிக்குத் துளசிமாடம் வந்தார். அம்மாவுக்கு வேலை முடிகிற நேரம்.

"கதை நல்லாருக்குங்க. ஒண்ணே ஒண்ணு. மறுபடியும் கேக்கறேன், மாட்டு டாக்டர் எதுக்கு? ஜீப்பு எதுக்கு? டவுன் பஸ் இருக்குதே. தண்ணிய அவளே மோந்து குடிச்சுக்குவா."

இத்தனை மாதம் இளம்பரிதியை எழுதினேன். கண்ணாடி போட்டேன், நீலச் சட்டை போட்டேன், ஜீப் வாங்கிக்கொடுத்தேன். மதி எழுந்து பானைவரை நடப்பாள் என்று ஒரு தடவைகூட எழுதத் தோன்றவில்லை.

பிப்ரவரி 26, திங்கள்

இருபத்தொன்றைத் திருத்தினேன். ஜீப் இல்லை. மதி தனியாகப் பேருந்து நிலையத்துக்கு நடக்கிறாள். இளம்பரிதி பக்கத்து ஊரில் ஒரு எருமைக்கு ஊசி போட்டுக்கொண்டிருக்கிறார்.

எங்கள் குழுவில் கலவரம். நாற்பத்து மூன்று பேரில் முப்பத்தொரு பேர் போய்விட்டார்கள். நான் துரோகியாம். இரண்டு குழுவிலும் அதே பட்டம். ஷஃப்ரின் மட்டும், "எருமைக்காச்சும் டாக்டர் கெடச்சாரே" என்றாள்.

துளசிமாடம்: "போகறப்ப பத்தாவது மார்க்சீட்டை எடுத்துக்கச் சொல்லுங்க. பீரோவுல கல்யாணச் சேலைக்கு அடியில இருக்கும். தையல் தெரிஞ்சவளா இருந்தா கத்திரிக்கோலும்."

எங்கள் தையல் இயந்திரம் பரண்மேல் கோணிக்குள் இருக்கிறது. நான் இரண்டாவது படிக்கும்போது அம்மா ஊருக்கே ரவிக்கை தைத்தாள். அப்பாவுக்குப் பிடிக்காமல் ஏறியது.

மார்ச் 2, சனி

துளசிமாடம்: "உங்க கதையில மதிக்கு ஒரு பொண்ணு இருந்தா என்னங்க பண்ணுவா? அந்தப் பொண்ணு படிக்கற பொண்ணா இருந்தா?"

தொடரில் மதிக்குக் குழந்தை இல்லை. இதைச் சுட்டிக்காட்டிச் சண்டைக்குப் போகவில்லை. 'இருக்கிறாள். பதினொன்றாவது படிக்கிறாள்' என்று பதில் போட்டேன்.

அடுத்த அறையில் அம்மாவின் போன் ஒலித்தது.

சிறிது நேரம் கழித்து: "அவளுக்குப் பரிச்சை என்னிக்கு முடியுது?"

'மார்ச் 25. மத்தியானம் ஒண்ணேகாலுக்கு.'

அதற்கு ஒரு இதயம் விழுந்தது. துளசிமாடம் இதுவரை எனக்குப் போட்ட முதல் இதயம்.

மார்ச் 3, ஞாயிறு

அம்மா தோசை வார்த்தாள். நான் சாப்பிட்டேன். தொடரைப் பற்றிப் பேசினோம். சர்வா திருந்திவிட்டான் என்று அம்மா சொன்னாள். ஆமாம் என்றேன். அப்பா, "எல்லாப் பொம்பளைகளும் ஒரே சீரியல்" என்றார்.

மார்ச் 14, வியாழன்

தேர்வு. எழுத நேரமில்லை. கத்திரிக்கோலைக் காணோம் என்று அப்பா தேடினார். கிடைக்கவில்லை.

மார்ச் 25, திங்கள்

இதைப் பகலில் எழுதுகிறேன். முதல் தடவை. கையெழுத்து ஆடுகிறது, கரூர் ரோட்டில் வேலை நடக்கிறது.

கடைசித் தேர்வு வேதியியல். நன்றாக எழுதினேன். ஒண்ணேகாலுக்கு வெளியே வந்தபோது பள்ளிக்கூட வாசலில் அம்மா நின்றிருந்தாள். ஆறாம் வகுப்பில் சேர்த்துவிட்ட நாளுக்குப் பிறகு அவள் அந்த வாசலுக்கு வந்ததில்லை. கையில் ஒரு கட்டைப்பை. பெரிய பையில்லை. மதிவதனியாக இருந்தால் மூன்று பெட்டியும் பின்னணி இசையும் இருந்திருக்கும்.

ஷஃப்ரின் பார்த்தாள். என் கையை ஒரு முறை இறுக்கிப் பிடித்தாள்.

"போலாமா கண்ணு?" என்றாள் அம்மா. எங்கே என்று நான் கேட்கவில்லை. டவுன் பஸ், பிறகு ஈரோட்டில் திண்டுக்கல் பஸ்ஸுக்கு மாறினோம். ஜன்னலோரம் எனக்கு. பக்கத்து இருக்கையில் இருந்த பெரியவர் தண்ணீர் பாட்டிலை நீட்டி, "கொளந்தைக்குக் குடுங்கம்மா, வெயில்" என்றார். கண்ணாடி போட்டிருந்தார், நீலச் சட்டை வேறு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"வேண்டாமுங்க, எங்ககிட்ட இருக்குது" என்றாள் அம்மா. பையைத் திறந்தாள். மேலே கத்திரிக்கோல் துணியில் சுற்றியிருந்தது. அதற்கடியில் பாட்டில். என்னிடம் நீட்டாமல் முதலில் அவளே அண்ணாந்து குடித்தாள். பாதி பாட்டில். கழுத்தில் வழிந்தது, துடைக்கவில்லை.

மிச்சத்தை நான் குடித்தேன்.